வென்றவர் பெருக்க வேண்டும்

"என் சம்சாரம் என்கூடச் சண்டையே போடறதில்லைங்கம்மா" என்றார் வைத்திலிங்கம்.

மடத்தம்மா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"இதைச் சொல்றதுக்கா இந்த வெயில்ல மலையேறி வந்தீங்க? சண்டை நிக்கோணும்னு வேண்டிக்கிட்டு வர்றவங்கதானுங்க இங்க அதிகம்."

வைத்திலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"எதைச் சொன்னாலும் சரிங்கறா. காப்பியில சக்கரை போதலைன்னா சரி. கோயிலுக்குப் போலாம்னா சரி. வேண்டாம்னா அதுக்கும் சரி. அவ வேற வார்த்தை பேசி வருஷக்கணக்காச்சு. வீட்டுல ரெண்டு பேரு இருக்கறோம். ஆனா நான் தனியாத்தான் இருக்கறனுங்கம்மா."

கடைசி வார்த்தைகளில் அவர் குரல் இறங்கிவிட்டது. அதை அவரே எதிர்பார்க்கவில்லை.

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலை."

"கை ஓங்குனீங்களா?"

"சேச்சே."

"கெட்ட வார்த்தை?"

"என் வாயில வந்ததே கெடையாது."

"அப்புறம்?"

"ஒரே ஒரு நாள், அவ சொன்ன ஒரு கருத்தைத் தாக்கினேன். கருத்தைத்தான். அவளை இல்லை."

மடத்தம்மா ஒரு காயைப் பிளந்தார். உள்ளே புழு இருந்தது. காயை ஓரமாக வைத்தார்.

"அது எப்படீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. வைத்திலிங்கம் வாழ்நாள் பூராவும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அதிலும் கல்லூரியின் ஆங்கில விவாதக் குழு அவர் கையில்தான் இருந்தது. அவர் பழக்கிய பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும் கோப்பையோடுதான் திரும்பும். சேர்ந்த முதல் நாளே கரும்பலகையில் ஒரு வரி எழுதிப் போடுவார்: 'அட்டாக் த பாயிண்ட், நாட் த பர்சன்.' கருத்தைத் தாக்கு, ஆளைத் தாக்காதே. இப்படி யாராவது வாயைக் கொடுத்தால் அவர் விடுவாரா? நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"இங்கிலீஷ்ல அட்டாக்னு ஒரு வார்த்தை இருக்குதுங்கம்மா. தாக்கறதுன்னு அர்த்தம். ஆனா நம்ம மாதிரி ஆளை மட்டும் தாக்கறதில்லை. அவங்க ஒரு கணக்கைத் தாக்குவாங்க. வேலையைத் தாக்குவாங்க. பியானோவுல உக்காந்து ஒரு பாட்டைத் தாக்குவாங்க. தட்டுல இருக்கற சோத்தைக்கூடத் தாக்குவாங்க."

"சோத்தையுமா?"

"நல்லா பசிச்சா."

"பாவமுங்க."

"மந்திரி எதிர்க்கட்சியைத் தாக்கினார்னு பேப்பர்ல போடுவாங்க. ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இருக்காது. இப்ப நம்ம பேப்பருக்கும் அந்தப் பழக்கம் வந்துடுச்சு. துரு இரும்பைத் தாக்கும். பூச்சி பயிரைத் தாக்கும்."

இன்னொன்றும் தாக்கும் என்று வகுப்பில் சொல்லுவார். காய்ச்சல். இன்றைக்கு அதை மட்டும் விட்டுவிட்டார்.

மடத்தம்மா கை உரித்துக்கொண்டே இருந்தது.

"கணக்கைத் தாக்கினா என்னாகுமுங்க?"

"தீந்துபோகும்."

"சோத்தைத் தாக்கினா?"

"தட்டு காலியாகும்."

"கருத்தைத் தாக்கினா?"

"தப்பான கருத்தா இருந்தா அது இருக்காது."

"சொன்னவங்க?"

"அவங்க இருப்பாங்க."

"எங்கீங்க?"

வைத்திலிங்கம் ஓரத்தில் கிடந்த புழுக்காயை எடுத்துப் பார்த்தார்.

மடத்தம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கொஞ்ச நாள் இருங்க. சாப்பாடு நல்லா இருக்கும்."

*

காங்கயம் போகும் வழியில் ஒரு மொட்டைப் பாறைமேல் இருந்தது அந்த மடம். கோபுரம் கிடையாது. ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரு கிணறு, தங்குவதற்குச் சில அறைகள். அவ்வளவுதான்.

மடத்தம்மாவின் பெயர் நாச்சியம்மாள். வைத்திலிங்கத்தைவிட வயதில் ரொம்ப இளையவர். அவரிடம் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒரு வேலை கிடைத்தது.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பகல் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து வாதம் பண்ணுவார்கள். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். யார் வேண்டுமானாலும் மறுக்கலாம்.

"தோத்தவங்க எந்திரிச்சுச் சாப்பிடப் போயிரலாமுங்க" என்று விளக்கினார் ராக்கியண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று மடத்தோடு தங்கிவிட்டவர். "மத்தவங்களும் கூடவே போயிருவோம். ஜெயிச்சவரு பாயெல்லாம் சுருட்டி வெச்சு, கூடத்தைப் பெருக்கி, கதவைச் சாத்திட்டுக் கடைசியா வரோணும். சீமாறு அந்த மூலையில இருக்குதுங்க."

"ஜெயிச்சவர்தான் பெருக்கணுமா?"

"ஆமாங்க."

பரிசு மாதிரி ஒரு மரியாதை போலிருக்கிறது என்று வைத்திலிங்கம் நினைத்துக்கொண்டார். கோயிலில் முக்கியஸ்தர்கள் தேர்வடத்தைத் தொட்டுக் கொடுப்பதில்லையா, அப்படி.

அன்றைக்கு ராக்கியண்ணனே ஆரம்பித்தார்.

"பஸ்ஸுக்கு மனசு உண்டுங்க. என்ற பஸ்ஸு, நான் ஏறி விசில் குடுத்தாத்தான் கெளம்பும். இல்லைன்னா நாலு தடவ திணறும். எனக்கு நல்லாத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். சமையல்கட்டு வெள்ளையம்மா, "அப்புறம் என்னாச்சுங்க?" என்று கதை கேட்கத் தயாரானார்.

வைத்திலிங்கம் வலது கையைத் தூக்கினார். மூன்று விரல்கள் நின்றன.

"முதலாவது, வண்டி கிளம்பறது பாட்டரியால. இரண்டாவது, வண்டியை எடுக்கறவர் டிரைவர். கண்டக்டர் இல்லை. மூணாவது, நீங்க லீவு போட்ட நாளெல்லாம் அந்த பஸ் டெப்போவுலயே நின்னுதா?"

ஒவ்வொன்றும் சொல்லி முடிந்ததும் ஒரு விரல் மடங்கியது. கல்லூரியில் இந்த இடத்தில் கைதட்டல் எழும்.

ராக்கியண்ணன் கொஞ்ச நேரம் விரல் இருந்த இடத்தையே பார்த்தார்.

"நீங்க சொல்றதுதானுங்க சரி."

எழுந்து போய்விட்டார். எல்லோரும் போய்விட்டார்கள். சமையல்கட்டிலிருந்து தட்டுச் சத்தமும் பேச்சுச் சத்தமும் வந்தன. யாரோ விசில் அடித்துக் காட்ட, எல்லோரும் சிரிப்பது கேட்டது.

வைத்திலிங்கம் பாய்களைச் சுருட்டினார். விளக்குமாற்றை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தூசி முன்னால் போவதற்குப் பதில் அவர் வேட்டிமேலேயே வந்தது. அவர் போனபோது வெள்ளையம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஆறிப்போன சோறும் அடிரசமும் இருந்தன. அவர் ஒருவராக உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாளும் அவர்தான் ஜெயித்தார்.

ஆடி மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் இனிக்கும் என்றார் வெள்ளையம்மா. மூன்று விரல். நாக்கின் இயல்பு, தண்ணீரின் உப்பு, மனசின் ஆசை. "நீங்க சொல்றதுதானுங்க சரி" என்றார் வெள்ளையம்மா. அன்றைக்கும் விளக்குமாறு. அன்றைக்கும் ஆறின சோறு.

அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை. வழக்கத்தையே எடுத்துக்கொண்டார்.

"ஜெயிச்சவனுக்குத் தண்டனை, தோத்தவனுக்குச் சுடுசோறு. இது என்ன நியாயம்? முதலாவது, இப்படி இருந்தா யாரும் முயற்சியே பண்ண மாட்டாங்க. இரண்டாவது, உண்மையைச் சொன்னவன் எதுக்குத் தூசி தின்னணும்? மூணாவது, இந்த வழக்கத்துக்கு ஒரு காரணம்கூட இதுவரைக்கும் யாரும் சொல்லலை."

எல்லோரும் மடத்தம்மாவைப் பார்த்தார்கள்.

மடத்தம்மா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"நீங்க சொல்றதுதானுங்க சரி."

எழுந்து சாப்பிடப் போய்விட்டார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

வைத்திலிங்கம் மூலையைப் பார்த்தார். விளக்குமாறு அங்கேயே இருந்தது. அவர் அல்லவா ஜெயித்திருக்கிறார்!

*

அதன்பின் கூடத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள்.

ராக்கியண்ணனுக்குக் கிணற்றில் வாளி விழுந்துவிட்டதாம், அதை எடுக்க வேண்டுமாம். வெள்ளையம்மாவுக்கு அடுப்பில் வேலையாம். வழியில் பார்த்தால் எல்லோரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள்.

"வெயிலு ஜாஸ்திங்க" என்பார் ராக்கியண்ணன்.

"ஆமா" என்பார் வைத்திலிங்கம்.

அதற்குமேல் பேச்சு நகராது. பஸ்ஸைப் பற்றி ராக்கியண்ணன் அவரிடம் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்களிடம் பேசிக்கொண்டுதான் இருந்தார். வைத்திலிங்கம் வருவதைப் பார்த்தால் நிறுத்திக்கொள்வார். கோபமெல்லாம் இல்லை. ஈரச் சிமெண்டில் கால் வைத்துவிடக் கூடாதே என்று ஒதுங்கிப் போவோமே, அந்த மாதிரி ஒதுங்கினார்.

ஒருநாள் கூடத்துக்கு மடத்தம்மாவும் வரவில்லை.

வைத்திலிங்கம் மட்டும் போய் உட்கார்ந்தார். பழக்கம். எதிரே பாய்கள் விரித்துக் கிடந்தன. ஓட்டு இடுக்கு வழியாக வெயில் தரையில் காசு காசாக விழுந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ.

உத்தரத்தில் ஒரு பல்லி சொல்லியது.

'ச்சு, ச்சு, ச்சு.'

பிறகு அமைதி.

நம் ஆட்கள் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி சொன்னால், பார், பல்லியே ஆமாம் என்கிறது என்று தரையில் விரலால் தட்டுவார்கள். தட்டுவதற்கு முன்னால் யாராவது ஏதாவது பேசியிருக்க வேண்டும். அந்தக் கூடத்தில் பேசியவர் யாரும் இல்லை. பல்லி எதற்கு ஆமாம் சொன்னது என்று வைத்திலிங்கத்துக்குத் தெரியவில்லை.

வீட்டிலும் இப்படித்தான். டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லி சொல்லும். அதற்குப் பிறகு வீடு யாருக்காகவோ காத்திருப்பது மாதிரி இருக்கும். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

எழுந்து கிணற்றடிக்குப் போனார். மடத்தம்மா தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கருத்து என்னன்னு நீங்க கேக்கவே இல்லையேம்மா?"

"நீங்க சொல்லவே இல்லீங்களே."

வைத்திலிங்கம் கல்லில் உட்கார்ந்தார்.

"எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துது. மங்கைன்னு பேரு. ஸ்கூல்ல அப்பத்தான் சேத்திருந்தோம். சாதாரணக் காய்ச்சல்னுதான் நெனச்சோம்."

வாளி பாதியில் நின்றது. மடத்தம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"காரியமெல்லாம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் செண்பகம் பேசலை. சாப்பிடலை. செவுத்தைப் பாத்துக்கிட்டே படுத்திருப்பா. ஒருநாள் சாயந்திரம் பல்லி சொல்லுச்சு. சட்டுனு எந்திரிச்சு உக்காந்தா. 'பாப்பா பேசறாங்க'ன்னா."

"ம்."

"அன்னிக்குத்தான் சாப்பிட்டா. அதுக்கப்புறம் தெனமும் இதேதான். பல்லி சொன்னா, பாப்பா என்ன சொல்றான்னு எனக்குச் சொல்லுவா. அப்பா சட்டையில பட்டன் இல்லைங்கறா. ஜன்னலைச் சாத்தச் சொல்றா. முட்டாத்தனமா எதுவும் சொல்ல மாட்டா. ஆனா எனக்குப் பயமாப் போச்சு. புத்தி பேதலிச்சிருமோன்னு. அவளைக் காப்பாத்தணும்னுதாம்மா நெனச்சேன். சத்தியமா."

"தாக்கினீங்க."

"கருத்தை."

வைத்திலிங்கத்தின் வலது கை தானாகவே மேலே வந்தது. மூன்று விரல்.

"முதலாவது, பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியும் அந்த வீட்டுல பல்லி சொல்லிக்கிட்டுத்தான் இருந்துது. இரண்டாவது, பக்கத்து வீட்டுலயும் பல்லி சொல்லுது. அங்க யாரு செத்தாங்க? மூணாவது..."

நிறுத்தினார்.

"மூணாவதுதான் பலமான பாயிண்ட். பாப்பாவுக்குப் பல்லின்னாலே பயம். பாத்தா அலறுவா. அவ எப்படிப் பல்லியா வருவான்னு கேட்டேன்."

"செண்பகம் என்ன சொன்னாங்க?"

"நீங்க சொல்றதுதான் சரின்னா."

"அப்புறம்?"

"எனக்குச் சோறு போட்டா."

மடத்தம்மா வாளியை மேலே இழுத்தார். தண்ணீரைக் குடத்தில் ஊற்றினார்.

"நாளைக்குக் கூடத்துக்கு வாங்க" என்றார். "நான் வாதம் பண்றனுங்க."

*

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. ராக்கியண்ணன் வந்திருந்தார். வெள்ளையம்மாவும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்திருந்தார்.

மடத்தம்மா வைத்திலிங்கத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"செத்துப்போன கொழந்த பல்லி வாயில பேசும்" என்றார். "இது என்ற கருத்துங்க. தாக்குங்க."

வைத்திலிங்கம் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"வேண்டாங்கம்மா."

"கருத்தைத்தானுங்க தாக்கச் சொல்றேன். என்னை ஒண்ணும் பண்ணாது. நீங்கதானுங்களே சொன்னீங்க?"



வைத்திலிங்கம் கையைத் தூக்கினார். வாய் பழகிய வாயல்லவா. தானே ஆரம்பித்துவிட்டது.

"முதலாவது, அந்தக் குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியும் பல்லி சொல்லிக்கிட்டுத்தான் இருந்துது."

"ம்" என்றார் மடத்தம்மா.

ஒரு விரல் மடங்கியது.

"இரண்டாவது, பக்கத்து வீட்டுலயும்தான் சொல்லுது. அங்க யாரும் சாகலை."

"ம்."

இரண்டாவது விரல்.

"மூணாவது, அந்தக் குழந்தைக்குப் பல்லின்னா..."

உத்தரத்தில் பல்லி சொல்லியது.

வேண்டுமென்று செய்ததா என்று யாரும் கேட்கக் கூடாது. பல்லிகள் மடத்தம்மா சொல்லியா கேட்கின்றன? பகல் வேளையில் அந்தக் கூடத்தில் எப்போதும் சொல்லும். அன்றைக்கும் சொல்லியது.

மடத்தம்மா சட்டென்று முகத்தைத் தூக்கி உத்தரத்தைப் பார்த்தார். கண் மலர்ந்து, வாய் லேசாகத் திறந்து. பிறகு அந்த முகத்தோடே வைத்திலிங்கத்தின் பக்கம் திரும்பினார். ஏதோ கேட்கப் போகிறவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்.

அன்றைக்குச் செண்பகமும் இப்படித்தான் பார்த்திருப்பாள். அந்த முகம் வைத்திலிங்கத்துக்கு நினைவுக்கு வரவில்லை. அவர் அப்போது தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது சொல்லுங்க" என்றார் மடத்தம்மா.

"பாப்பாவுக்குப் பல்லின்னா பயம்" என்றார் வைத்திலிங்கம். "அலறிக்கிட்டு ஓடிவருவா."

"எங்க ஓடி வருவாங்க?"

"எங்கிட்ட. மடியில ஏறிக்குவா. சட்டையை இறுக்கிப் பிடிச்சுக்குவா. அப்பா, அது என்ன சொல்லுதுன்னு கேப்பா."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"



தூக்கிய கை அப்படியே நின்றது. அதில் ஒரே ஒரு விரல் மிச்சம் இருந்தது.

"பயப்படாதே தங்கம்..." என்றார். "அது உன்னைத்தான் கேக்குது. மங்கை சாப்டாச்சான்னு கேக்குது."

வெள்ளையம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"தெனமும் சொல்லுவேன். பல்லி சொல்றப்பல்லாம் சொல்லுவேன். அப்புறம்தான் சோறு வாங்குவா. செண்பகம் சோத்தைப் பெசஞ்சு வெச்சுக்கிட்டு, நான் எப்பச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே நிப்பா."

பல்லிக்குப் பேச்சு கொடுத்தவர் யார் என்று இத்தனை வருஷமாக அவருக்கு மறந்தே போயிருந்தது. செண்பகத்துக்கு மறக்கவில்லை. மூன்று விரல்களுக்கும் எதிராக அவள் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரி என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

வைத்திலிங்கம் கடைசி விரலை மடக்கினார். கையை மடியில் போட்டுக்கொண்டார். அறுபது கடந்த மனிதர், அத்தனை பேர் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

யாரும் தேற்றவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

வெகுநேரம் கழித்து மடத்தம்மா கேட்டார்.

"அப்ப, பல்லி வாயில கொழந்த பேசுங்களா, பேசாதுங்களா?"

"தெரியலைங்கம்மா."

"தெரியலைன்னா தோத்துட்டீங்கன்னு அர்த்தமுங்க."

"ஆமாங்க. தோத்துட்டேன்."

"அப்பச் சாப்பிடப் போங்க. சோறு சூடா இருக்குது."

ராக்கியண்ணன் எழுந்து வந்து அவருக்குக் கை கொடுத்தார். வாசல்வரை போன வைத்திலிங்கம் திரும்பி வந்தார்.

"அம்மா, வீட்டுக்குப் போயி நான் அவகிட்ட என்ன சொல்லி..."

மடத்தம்மா மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கொஞ்சம் தள்ளுங்க. கூட்டோணும்."

*

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம்.

செண்பகம் கதவைத் திறந்தாள்.

"வந்துட்டேன்" என்றார்.

"சரி" என்றாள்.

சமையல்கட்டுக்குப் போய் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

வைத்திலிங்கம் டிவி போடவில்லை. சமையல்கட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அந்த இடத்தில் அவர் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. செண்பகம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தார். மன்னிப்பு, விளக்கம், மடத்தில் நடந்தது. முதலாவது, இரண்டாவது என்று அது தானாக வரிசை கட்டிக்கொண்டது. ஒன்றையும் சொல்லவில்லை. கையை முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

பல்லி சொல்லவில்லை.

காத்திருந்தார். டியூப்லைட்டுக்குப் பின்னால் அதன் வால் தெரிந்தது. வேண்டும்போது சொல்லுமா அது? வெண்டைக்காய் முடிந்தது. செண்பகம் வெங்காயத்தை எடுத்தாள். தெருவில் பிள்ளைகள் விளையாடி முடித்து வீட்டுக்குப் போனார்கள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

அவருக்குக் கால் மரத்துப்போனது. அசையவில்லை.

அப்போது சொல்லியது.

'ச்சு, ச்சு, ச்சு.'

செண்பகத்தின் கை நிற்கவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் அதைக் கேட்காத மாதிரி இருக்கப் பழகி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

வைத்திலிங்கம் டியூப்லைட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"செண்பகம்" என்றார். "பாப்பா என்ன சொல்றா?"

கை நின்றது.

அவள் நிமிரவில்லை. பாதி நறுக்கிய வெங்காயம் விரல்களுக்கு நடுவே இருந்தது. அவள் தோள் ஒருமுறை ஏறி இறங்குவதை வைத்திலிங்கம் பார்த்தார். சரி என்று சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

செண்பகம் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"அப்பா சாப்டாச்சான்னு கேக்கறா" என்றாள்.